நாலாவது கல்

திருவண்ணாமலை
2.3.2023

அஸ்ஸலாமு அலைக்கும்.

திருவண்ணாமலை சமஸ்தானத்தின் அசுவமந்திரியும், செங்கம் ரோடு பைக் சீட் கவர் கடையின் சக்கரவர்த்தியும், முன்னூறு மாப்பிள்ளைகளைக் குதிரையேற்றிக் கொண்டுபோய் மண்டபத்து வாசலில் இறக்கி அவர்களுடைய சுதந்திரத்தை முடித்துவைத்தவனுமாகிய உன் மாமு குலாம் ரசூல், அருமை மருமகள் நூரைனுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். உனக்கு அந்தப் பனியில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறதா?

வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று தபால்காரர் தருமன் கேட்டார். "ராஜாங்க ரகசியம்"னு சொன்னேன். பொய்யில்லை. போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். குதிரை என்ற சொல் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி இரண்டு வருடம் ஆகிறது. நீ வெர்மாண்ட்டில் மாட்டுப்பண்ணையில் டாக்டர் வேலை பார்ப்பதாகத்தான் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் எண்ணூறு மாடு என்று அடித்துவிட்டேன். நீயும் அதையே பிடித்துக்கொள். உன் கடிதங்களைக் கடை விலாசத்துக்குப் போடு.

நம் பேகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உன் தம்பி அமான் அவள் முதுகிலிருந்து விழுந்து மௌத்தான அன்றே என் அக்கா, அதுதான் உன் அம்மா, அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுவிட்டாள். நெற்றிச் சுழி சரியில்லாத குதிரை. ஆற்காட்டுப் பக்கம் நவாபு வம்சத்துப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அவளுக்குக் காஷ்மீர் கம்பளம், காலையில் பிஸ்தா, மாலையில் ரோஜாப்பூத் தண்ணீரில் குளியல். மேளம் அடித்தால் நின்று முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாளே, அதைப் பார்க்க மூன்று ஜில்லாவிலிருந்து ஜனம் வருகிறதாம்.

அமெரிக்கக் குதிரைகள் நம் ராஜகோபுரம் உயரம் என்று கேள்விப்பட்டேன். மேலே ஏறுவதற்கு லிஃப்ட் இருக்கிறதா? விவரமாக எழுது.

துஆவுடன்,
மாமு

*

வெர்மாண்ட்
27.3.2023

அன்புள்ள மாமுவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம். நோன்பு ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. இங்கே பாங்கு கேட்காது. போனில் அலாரம் வைத்து எழுந்து பேரீச்சம்பழம் தின்கிறேன். அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் வேண்டாம் மாமு. இந்தப் பண்ணையில் இருப்பதெல்லாம் மோர்கன் ஜாதி. உயரம் கம்மி, முதுகு என் தோள் மட்டம்தான். சின்னத் தலை, பெரிய கண், குட்டை முதுகு, பானை மாதிரி திரண்ட கழுத்து. இருநூறு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு வாத்தியாரிடம் ஒரு பொலிக்குதிரை இருந்ததாம். இன்று உலகத்தில் இருக்கும் மோர்கன் எல்லாம் அதன் வம்சம். காட்டில் மரம் இழுத்தது, ஏர் உழுதது, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடி ஜெயித்தது. இப்போதும் அப்படித்தான். காலையில் வண்டி இழுத்த குதிரையே மத்தியானம் சின்னப் பிள்ளையைச் சுமக்கிறது, சாயங்காலம் தடை தாண்டுகிறது. நெட்டைக் குதிரைகள் இதைவிட உயரம் தாண்டும். ஆனால் இது தாண்டுவதற்கு முன்னால் யோசிக்கிறது. ஏறியிருப்பவர் பயந்தால் அதுவும் சேர்ந்து பயப்படுவதில்லை.

எனக்குக் கொடுத்திருக்கும் குதிரையின் பெயர் ஹேசல். பழுப்பு நிறம். பண்ணைக்காரம்மா மார்த்தா சொல்லியிருக்கிறார்: அக்டோபர் பதினாலாம் தேதி போட்டியில் ஹேசல்மேல் ஆறு தடையை நான் தாண்டிக் காட்டினால் இங்கேயே பயிற்சியாளர் வேலை. இல்லாவிட்டால் டிசம்பரில் ஊர்.

நான் தாண்டுவதில்லை மாமு. நடக்கிறேன், ஓட்டுகிறேன், தடைக்கு மூன்று எட்டு இருக்கும்போது கை தானாகக் கடிவாளத்தை இழுத்துவிடுகிறது. அன்றைக்கு நம் வீட்டுப் பின்பக்கம் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கிச் சவுக்குக் கம்பு வைத்து அமானுக்குத் தாண்டக் கற்றுக்கொடுத்தது நான். மூன்று கல் போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். நாலாவது கல்லை வைத்தது நான். வீடியோ எடுக்கப் போனைத் தேடி உள்ளே போனேன். வருவதற்குள் முடிந்துவிட்டது. நாலாவது கல் இல்லாவிட்டால் பேகம் மிரண்டு நின்றிருக்க மாட்டாள்.

இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அன்புடன்,
நூரைன்

*

திருவண்ணாமலை
24.4.2023

அருமை மருமகளுக்கு, ஈத் முபாரக்.

நலம், நலம், நலம். பெருநாள் பிரியாணியில் நான் தின்றதை எடை போட வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து லாரித் தராசு கொண்டுவந்தார்கள். உன் அம்மா கால் வீக்கம் கம்மி. மாத்திரையைத் தின்றாளா என்று பார்க்க அவள் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன், செருப்பைக் காட்டுகிறாள்.

மோர்கன் பற்றி எழுதியதைக் கடையில் உட்கார்ந்து ஏழு முறை படித்தேன். உழும், இழுக்கும், ஓடும், தாண்டும் என்றால் அது குதிரை இல்லை, நம் கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட மூத்த மருமகள். கல்லைப் பற்றி எழுதியிருந்தாய். கல் கல்தான். அதை விடு.

இப்போது ராஜாங்க ரகசியம் நம்பர் இரண்டு. படித்துவிட்டுக் கிழித்துப் போடு. ஆற்காட்டு நவாபும் இல்லை, பிஸ்தாவும் இல்லை. பேகம் இங்கேதான் இருக்கிறாள். அடி அண்ணாமலையில் என் சிநேகிதன் அருணகிரியின் கொய்யாத் தோப்பில். அவன் பெண்சாதி ஆதிலட்சுமி தன் மாட்டுக்கு வைக்கும் தவிட்டில் பாதியை இவளுக்கு வைக்கிறாள். விற்கத்தான் நினைத்தேன். கயிற்றை அடுத்தவன் கையில் கொடுக்கும்போது விரல் பிரியவில்லை. அவ்வளவுதான், காரணம் கேட்காதே.

விடியுமுன் கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போகிறேன். வெள்ளைக் குதிரை, மார்கழி மூடுபனி, கறுப்புப் போர்வையில் நான். கேட்க வேண்டுமா? டீக்கடை பாஞ்சாலை பார்த்துவிட்டு, "குதுர மட்டும் போவுது, காலே கெடையாது, கூட ஒரு கறுப்பு வேற போவுது"ன்னு ஊரைக் கூட்டிவிட்டாள். நான் மறுக்கவில்லை. ஒரு மொழம் கூட்டிவிட்டேன். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரி ஒருத்தி அதை வரைந்து ஓட்டல் சுவரில் மாட்டிவிட்டாள். கதை வேங்கிக்காலுக்குப் போவதற்குள் குதிரைக்கு இறக்கை முளைத்துவிட்டது. பேய் என்று பெயர் வந்தால் யாரும் பக்கத்தில் வந்து பார்க்க மாட்டார்கள் பார், பேகம் பத்திரம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் தெரு முனை வந்தால் பேகம் தானே வீட்டுப் பக்கம் திரும்புகிறாள். இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இரண்டு வாரமாக அக்கா விடியற்காலை பஜர் தொழுது முடித்ததும் பாயை மடிக்காமல் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நேற்று என்னைக் கேட்டாள்: "ஒனக்குக் கேக்குதாடா ரசூலு?"

"இன்னாக்கா?"

"கேக்கலன்னா வுடு."

நான் பெற்றெடுத்த பேய், என் அக்கா வீட்டுக்கே விருந்துக்கு வந்துவிட்டது.

துஆவுடன்,
பேய்க்குதிரையின் சாரதி

*

வெர்மாண்ட்
20.5.2023

அன்புள்ள மாமு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் சர்க்கரை எவ்வளவு, பொய் சொல்லாமல் எழுதுங்கள்.

பேகம் இருக்கிறாள் என்று படித்ததும் லாயத்தில் நின்றபடியே சத்தம் போட்டு அழுதேன். ஹேசல் வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது. அம்மா குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடியற்காலையில் உட்கார்ந்திருக்கிறார். அமான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டால்? தெரு முனைக்குக் கொண்டுபோகாதீர்கள். இல்லை, உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நெற்றிச் சுழி என்று எல்லோரும் சொன்னது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நான் படித்த குதிரை வைத்தியத்தில் சுழிக்கு ஒரு வரிகூட இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் தீபத்துச் சந்தையில் நாற்பது குதிரைகளைப் பார்த்து இவளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அப்போது சுழி தெரியவில்லையா?

நேற்று மார்த்தா கம்பைத் தரையில் போட்டு ஹேசலை அதன்மேல் நடத்தச் சொன்னார். தரையில் கிடக்கும் கம்பு, மாமு. கை இழுத்துவிட்டது. ஹேசல் நின்று காதை மட்டும் பின்னால் திருப்பினாள். திட்டவில்லை. காத்திருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பேகமும் அப்படித்தானே? மூன்று கல்லை ஒருநாளும் மறுக்காதவள் நாலுக்கு ஏன் நின்றாள்? பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். மிரண்டாளா, சறுக்கினாளா? நீங்கள் சொன்னதே இல்லை.

நூரைன்

*

திருவண்ணாமலை
18.6.2023

மருமகளுக்கு ஆசீர்வாதம்.

சர்க்கரை நூற்றுப்பத்து. (இருநூற்றுப்பத்து. நீ கேட்டதால் உண்மை.) பக்ரீத்துக்கு ஆடு பிடித்தாகிவிட்டது. யானைக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது, அதை ஆடு என்று நம்ப வைக்கவே அக்காவுக்கு அரை நாள் பிடித்தது.

அருணகிரி தோப்பில் பேகம் கொய்யா தின்னக் கற்றுக்கொண்டுவிட்டாள். காயாக இருந்தால் தின்பதில்லை, செங்காய்தான் வேண்டும். "ஒன் குதுர கலெக்டர் வூட்டுப் பொண்ணா இன்னா?"ன்னு ஆதிலட்சுமி கேட்கிறாள். இப்படி எழுதிக்கொண்டே போனால் பத்துப் பக்கம் எழுதுவேன். நீ கேட்டதற்கு வருகிறேன். குதிரை நின்றது. ஏன் நின்றது என்று குதிரைக்குத்தான் தெரியும்.

நீ சொன்னபடி கேட்டேன். பன்னிரண்டு நாளாகப் பேகத்தை ரோட்டுக்கே கொண்டுவரவில்லை. தோப்புக்குள்ளேயே சுற்றுகிறாள். ஆனால் அக்கா இன்னும் கேட்கிறாள். நேற்று பஜர் நேரம், நான் கூடத்தில் படுத்திருந்தேன். அவள் பாயில் உட்கார்ந்தபடி விரலைத் தூக்கி, "இதோ... நின்னுடுச்சு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

எழுந்து பின்கதவைத் திறந்தேன். கல் நாலும் அடுக்கியபடியே இருக்கிறது. யாரும் தொடவில்லை இத்தனை நாளாய். கல்லுக்கு உள்ளே புல்பூண்டு முளைத்திருக்கிறது. அங்கே நின்றபோது எனக்கும் கேட்டது நூரைன். பேகம் நாலு மைலுக்கு அப்பால் கட்டுத்தறியில். எனக்குக் கேட்டது குளம்புச் சத்தம் என்று உனக்கு எழுதிவிட்டால் நிம்மதி. எழுதிவிட்டேன்.

வேறொன்றும் இல்லை.

மாமு

*

வெர்மாண்ட்
15.7.2023

அன்புள்ள மாமு,

நலம். பக்ரீத்தன்று வீடியோவில் அம்மா மெலிந்து தெரிந்தார். "மாடெல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

இந்த மாதம் இங்கே ஒன்று நடந்தது. நாலாம் தேதி இவர்களுடைய சுதந்திர தினம். கிராமத்து ஊர்வலத்தில் ஹேசல் வண்டி இழுத்தாள். கொடிமரத்துப் பக்கம் ஒரு கைமணியை ஆட்டினால் நின்று தலையைத் தாழ்த்தி வணங்க வேண்டும். ஒரு வாரம் பழக்கினோம். அன்றைக்கு அழகாக வணங்கினாள், ஜனம் கைதட்டியது.

மறுநாள் காலை மார்த்தா அவள்மேல் ஏறித் தடை தாண்டப் பழக்கிக்கொண்டிருந்தார். தடைக்கு இரண்டு எட்டு இருக்கும்போது சமையற்கட்டில் யாரோ சாப்பாட்டு மணியை அடித்தார்கள். ஹேசல் அந்த இடத்திலேயே நாலு காலையும் ஊன்றி நின்று தலையைத் தாழ்த்தினாள். மார்த்தா அவள் தலைக்கு மேலாகப் போய் மணலில் விழுந்தார். நான் கத்தினேன். அவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அவள்மேல் தப்பில்லை. சொன்னதைக் கேட்டாள். எல்லா வேலையும் தெரிந்த குதிரையிடம் ஒரு வேலைக்கு நடுவில் இன்னொரு வேலையின் சத்தத்தைக் காட்டக் கூடாது" என்றார். அங்கே மணல். நம் வீட்டில் கல்.

அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பேகமும் இரண்டு வேலை தெரிந்தவள். மேளம் அடித்தால் நிற்பாள். நின்றுதான் ஆட ஆரம்பிப்பாள். நீங்கள்தான் பழக்கினீர்கள்.

அன்று காலை நான் உள்ளே போனைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது. நம் ஊரில் மேளம் கேட்காத நேரம் எது? கோயில், கல்யாணம், சாவு, காதணி விழா. அதனால் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கு மேளம் அடித்ததா மாமு?

நூரைன்

*

திருவண்ணாமலை
10.8.2023

மருமகளுக்கு,

நலம். அக்கா நலம். நல்ல மழை. உன் கடிதம் நனைந்து வந்தது. கடைசிப் பக்கம் மட்டும் மை கலைந்து படிக்க முடியவில்லை. சுதந்திர தின ஊர்வலம் வரைக்கும் படித்தேன். ரொம்ப சந்தோஷம்.

மாமு

*

வெர்மாண்ட்
4.9.2023

மாமு,

ஸலாம். நான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன். அது கலையாது.

மறுபடி எழுதுகிறேன், பெரிய எழுத்தில். அன்றைக்கு மேளம் அடித்ததா?

போட்டிக்கு இன்னும் நாற்பது நாள். கை இன்னும் இழுக்கிறது. நீங்கள் கதை எழுத வேண்டாம். ஒரு வரி போதும். நாலாவது கல்லோடு நான் இருக்கத்தான் வேண்டும் என்றால் இருந்துகொள்கிறேன். ஆனால் அது உண்மையாக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூரைன்

*

திருவண்ணாமலை
22.9.2023

நூரைன்,

அடித்தது. ஊர் மேளம் இல்லை. நான் அடித்தேன்.

நீ கல்லை வைத்துவிட்டு, "நான் வர்ற வரைக்கும் தாண்டாதடா" என்று சொல்லி உள்ளே போனாய். அவன் பேகத்தைத் திருப்பிக்கொண்டு கோடிக்குப் போனான். நான் சமையற்கட்டு ஜன்னலில் கையை விட்டு உன் அம்மாவின் இடியாப்ப மாவு டின்னை எடுத்தேன். அதில் மாவு இல்லை, கழுவிக் கவிழ்த்திருந்தது. அவனைக் கிண்டல் பண்ணத்தான். "பாதுஷா அமான் நாலாம் கோட்டையைத் தாண்ட வருகிறார், பராக்!" என்று கத்தினேன். அவன் சிரித்தான். "அடி மாமு, ஜோரா அடி!" என்றான். நான் அடித்தேன்.

ஓடி வந்தாள். நல்ல வேகம். காது இரண்டும் முன்னால். தாண்டத்தான் வந்தாள் நூரைன், நாலு கல் அவளுக்கு ஒன்றுமே இல்லை. எனக்குக் குஷி தாங்கவில்லை, அடி மாறியது தெரியவில்லை. ஊர்வலத்தில் மண்டப வாசல் வந்ததும் அடிக்கும் அடி. நாலு வருடம் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அடி. அவள் நின்றாள். அவன் அவள் தலைக்கு மேலே போய்க் கல்லில் விழுந்தான்.

அவன் கிடக்கிறான், அவள் பக்கத்தில் ஆடுகிறாள். என் கை டின்னை விட்டு விலகவில்லை போலிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கையை எடுத்ததும் அவளும் நின்றாள்.

நீ வரும் சத்தம் கேட்டதும் டின்னை வைக்கோலில் தள்ளினேன். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் மறுநாள் யோசித்துத்தான் அதை எடுத்துக்கொண்டு போய் அருணகிரி கொட்டகைப் பரண்மேல் வைத்தேன். சுழி சரியில்லை என்று ஊருக்குச் சொன்னதும் நான். அவளுக்கு நெற்றியில் ஒரே சுழி, நடுநெற்றியில், பார்க்கிறவன் கண்ணில் ஒத்திக்கொள்கிற சுழி. என்னால் அவளை விற்கவும் முடியவில்லை, அவள் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை.

ஏப்ரலில் உன் கடிதம் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். கல் கல்தான் என்று எழுதினேன். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். பதினாலாம் தேதிக்குள் வந்துவிடும் என்றார்கள்.

கல்லின்மேல் தப்பில்லை.

குலாம் ரசூல்

*

வெர்மாண்ட்
16.10.2023

மாமு,

கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. லாயத்தில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். முதலில் நிம்மதியாக இருந்தது. அது எனக்கே பயமாக இருந்தது. அப்புறம் கணக்குப் பார்த்தேன். இரண்டு வருடம் எட்டு மாதம். நான் இங்கே வரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் கபருக்கு நாம் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். நான் பின்னால் உட்கார்ந்து அழுவேன், நீங்கள் நவாபு கதை சொல்லி என்னைச் சிரிக்க வைப்பீர்கள். அந்தக் கதைகள் எல்லாம் எதை மறைக்க என்று இப்போதுதான் தெரிகிறது. இனி உங்கள் கதை எதைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் டின் சத்தம் கேட்குமோ என்னவோ.

பதினாலாம் தேதி ஆறு தடையும் தாண்டினோம். ஐந்தாவதில் கம்பு விழுந்தது. நான் விழவில்லை. ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை. ஹேசலின் மூச்சு மட்டும். கை இழுக்கவில்லை. வேலை உறுதியாகிவிட்டது.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. நீங்கள் அவனை எவ்வளவு தூக்கித் திரிந்தீர்கள் என்பதும் மறக்கவில்லை. அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். தீபத்துக்குள். நான் சொல்ல மாட்டேன். அவர் விடியற்காலையில் இல்லாத குளம்புச் சத்தத்துக்குக் காத்திருப்பது போதும்.

சர்க்கரை மாத்திரை தின்னுங்கள்.

நூரைன்

*

திருவண்ணாமலை
30.11.2023

என் மகள் நூருவுக்கு அம்மா மெஹ்ருன்னிசாவின் ஸலாம்.

நான் நல்லாயிருக்கிறேன். கால் வீக்கம் இல்லை. நீ நல்லாயிருக்கிறாயா? நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் ஆகிறது, எழுத்து கோணலாக இருக்கும். விலாசம் உன் மாமு எழுதிக் கொடுத்தான்.

தீபத்தன்று காலையில் வந்தான். ஊர் முழுக்கக் கூட்டம், நம் தெருவில்கூட நடக்க வழியில்லை. மஞ்சள் பையில் எதையோ மடியில் வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தான். என்றைக்கு அவன் என் முன்னால் தரையில் உட்கார்ந்தான்? பையிலிருந்து என் மாவு டின்னை எடுத்து முன்னால் வைத்தான். அடிப்பக்கம் அவன் கை பட்ட இடமெல்லாம் நசுங்கியிருந்தது.

"தெரியும்டா"ன்னேன்.

அன்றைக்கு நான் இடியாப்பத்துக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தேன் நூரு. ஜன்னலில் டின்னைக் காணோம். பின்பக்கம் சத்தம் கேட்டது. பதினெட்டு வருடமாய் நான் கழுவிக் கவிழ்க்கிற டின், அதன் சத்தம் எனக்குத் தெரியாதா? இவன்தான் கூத்தடிக்கிறான் என்று சிரித்துக்கொண்டே வறுத்தேன். டம்டம் டம்டம் என்று கேட்டது. அப்புறம் ஏதோ விழுந்தது. விழுந்த பிறகும் கேட்டது. அப்புறம் நின்றது. நின்ற பிறகுதான் நீ கத்தினாய்.

அவனாகச் சொல்வான் என்று இருந்தேன். நாற்பதாம் நாள் பாத்திஹாவில் சொல்வான் என்று பார்த்தேன். வருடம் திரும்பினால் சொல்வான் என்று பார்த்தேன். சுழி சுழி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டுவிட்டால் எனக்குத் தம்பியும் இல்லாமல் போய்விடுவானே என்று வாயை மூடிக்கொண்டேன். விடியற்காலையில் எனக்குக் கேட்டது குளம்பு இல்லை கண்ணு. டின்தான். தினமும் அடிக்கும், நிற்கும். நின்ற பிறகு உன் குரல் வருகிறதா என்று காத்திருப்பேன். நீ கல்லைப் பற்றி உன் மாமுவுக்கு எழுதினாய் என்று இப்போதுதான் சொன்னான். அது தெரிந்திருந்தால் அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். என் வாயை மூடினதுக்கு நீ அங்கே கஷ்டப்பட்டிருக்கிறாய். அதுக்கு நான் அல்லாவிடம்தான் பேச வேண்டும்.

நீ மாட்டுப்பண்ணையில் இல்லை என்பதும் தெரியும். பால் என்ன விலை போகுது என்று கேட்டால் முழிக்கிறாய்.

நேற்று பேகத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அருணகிரியும் ஆதிலட்சுமியும் கூடவே நடந்து வந்தார்கள். பாஞ்சாலை தன் டீக்கடையிலிருந்து ஓடிவந்து, "அடப்பாவி ரசூலு, இதுக்குக் காலு கீதே!" என்று கத்தினாள். பின்பக்கம் கட்டினோம். கல்லை எல்லாம் அருணகிரி தூக்கிக்கொண்டு போய்த் தன் கிணற்றுமேட்டுக்குப் போட்டுக்கொண்டான்.

இன்று பஜர் தொழுதுவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். உன் மாமு வேண்டாங்கா, வேண்டாங்கா என்று கெஞ்சினான். டின்னை எடுத்து நானே அடித்தேன். மண்டப வாசல் அடி, அவன் அடித்த அதே அடி.

பேகம் நின்றாள். முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். எவ்வளவு நாளாச்சு, ஒன்றும் மறக்கவில்லை. நான் கையை எடுத்ததும் காலைக் கீழே வைத்தாள். அப்புறம் கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டின்னில் இப்போது அவளுக்குக் கொள்ளு வைத்திருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் அம்மா